மலைமேல் சவூதிக் கரண்டு

அந்த ரைஸ் குக்கரை என் மனைவியின் தம்பி சவூதியிலிருந்து விமானத்தில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தான். முதல் சம்பளத்தில் அக்காவுக்கு வாங்கியது. அதில் ஒரு கீறல் விழுந்தாலும் அவளுக்கு அன்று சோறு இறங்காது.

அடித் தகட்டில் 110 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தது. நம் கம்பியில் ஓடுவது 230, 50. அறுபதோ ஐம்பதோ, அரிசிக்கு அதில் கவலை இல்லை, வோல்ட்டேஜ்தான் எமன். நேராகச் செருகினால் புகைந்துவிடும் என்பதால் கள்ளக்குறிச்சி வீட்டில் வோல்ட்டேஜைப் பாதியாக இறக்கித் தரும் ஒரு ஸ்டெப்டவுன் பெட்டி வாங்கி வைத்தோம். தூக்கினால் தோள் இறங்கும் கனம்.

பிறகு அவளுக்குக் கல்வராயன் மலையில் நர்ஸ் வேலை போட்டார்கள். குக்கரை எடுத்துக்கொண்டாள், பெட்டியை விட்டுவிட்டாள். பதறிப்போய் போன் செய்தேன். சிரித்தாள். மலையில் கரண்டு அவ்வளவு கம்மியாம். டியூப்லைட் கண் சிமிட்டுவதோடு சரி, ஃபேன் இறக்கையை எண்ணலாம். லைன்மேன் மீட்டர் வைத்துப் பார்த்தால் நூற்றுப்பத்தைத் தாண்டவே இல்லையாம்.

"நேராத்தாங்க சொருவறேன். பூ மாதிரி வேவுது."

ஊரே திட்டித் தீர்த்த கரண்டில் குக்கர் மட்டும் பிறந்த வீட்டுக்கு வந்ததுபோல் சுகமாக இருந்தது.

சில மாதம் கழித்து அவளே கூப்பிட்டாள். ஊருக்குப் புது டிரான்ஸ்பார்மர் வருகிறது, பெட்டியைக் கொண்டு வாருங்கள் என்றாள். வண்டியின் பின்னால் கயிறு போட்டுக் கட்டினேன். கச்சிராயபாளையம் தாண்டியதும் காற்று குளிர்ந்தது. வளைவுக்கு வளைவு வானம் இடம் மாறிக்கொண்டே வந்தது. பெட்டியின் கனம் என்னைக் கீழே இழுக்க, நான் பாட்டு முனகிக்கொண்டே ஏறினேன்.

குவார்ட்டர்ஸ் பூட்டியிருந்தது. சோறு வேகும்போதே கரண்டை நிறுத்தினார்கள், அதே நேரம் பிரசவம் என்று அடுத்த ஊரிலிருந்து ஆள் வந்தது, நர்சம்மா அப்படியே ஓடிவிட்டார்கள் என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். சாவி என் மனைவியிடம். போன் போகவில்லை. ஜன்னல் வழியே பார்த்தேன். குக்கர் சுவரில் செருகியபடியே இருந்தது; சுவிட்சும் போட்டபடியே.

தெருக்கோடியில் புது டிரான்ஸ்பார்மருக்குக் கற்பூரத் தட்டோடு ஊர் நின்றிருந்தது. ஓடிப்போய் லைன்மேனிடம் கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். காரணம் கேட்டதும் கூட்டத்தில் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டினார்.

"நல்ல கரண்டுக்கு எத்தினி வருசமா காத்துக்கினு இருக்கோம். நீங்க இன்னாடான்னா சோத்துக்கு நிக்கச் சொல்றீங்க."

லைன்மேன் எங்கள் வீட்டுக்கு நடந்தார். வாசல் சுவரில் மீட்டருக்குக் கீழிருந்த ஃபியூஸைப் பிடுங்கி என் சட்டைப் பையில் போட்டார்.

"ஊருக்கெல்லாம் கரண்டு. ஒங்க வூட்டுக்கு மட்டும் இல்ல. போதுங்களா?"

கற்பூரம் எரிந்தது. கைதட்டலோடு கரண்டு வந்தது. ஃபேன்கள் சுழன்ற வேகத்தில் காலண்டர்கள் சுவரை அடித்துக்கொண்டன.

இருட்டும் நேரத்தில் யாரோ ஒருவரின் வண்டியில் மனைவி வந்து இறங்கினாள். தாயும் பிள்ளையும் நலம் என்றாள். பிறகுதான் வீட்டைப் பார்த்தாள்.

"ஊரே பளிச்சுனு இருக்குது. நம்ம வூட்டுக்கு மட்டும் இன்னாங்க ஆச்சு?"

சட்டைப் பையைக் காட்டிச் சொன்னேன். கதவைத் திறந்தவள் முதலில் பிளக்கைப் பிடுங்கினாள். காய்ச்சல் பார்ப்பதுபோல் குக்கரின்மேல் புறங்கையை வைத்தாள். மூடியைத் திறந்தாள். பாதி வெந்து ஆறிய சோறு களியாகக் கிடந்தது.

"ஒண்ணும் ஆவல," என்றாள். "வாங்க, உருண்டை புடிச்சித் தரேன்."