துரைக்குச் சொன்ன கூலி

என் இங்கிலீஷ் மேல் பெரியப்பாவுக்கு அசாத்திய நம்பிக்கை. எனக்குத்தான் இல்லை. அப்போது தஞ்சாவூர் கான்வென்டில் ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். தமிழில் ஏக்கருக்கு, ஆளுக்கு, மூட்டைக்கு என்று ஒரு 'க்கு' போட்டால் முடிகிற செலவுக் கணக்கை, அங்கே ஃபார், ஆன், பெர், ஆஃப் என்று இடம் பார்த்துச் சொல்ல வேண்டும். இடம் மாறினால் சிஸ்டர் முட்டிபோட வைப்பார்.

புது ரக நெல் நடுவதைப் பார்க்க வெள்ளைக்காரர் ஒருவர் எங்கள் பூதலூர் வயலுக்கு ஜீப்பில் வந்தார். கூட வந்த விவசாய ஆபீசர் வாயைத் திறக்குமுன், "எங்க பொண்ணே சொல்லும்" என்று பெரியப்பா என்னை வரப்பில் நிறுத்திவிட்டார். ஏக்கருக்கு என்ன செலவு என்று துரை கேட்டார். ஃபாரா, ஆனா? எருச் செலவை எப்படியோ ஒப்பேற்றினேன்.

அடுத்து நடவுப் பெண்களின் கூலியைக் கேட்டார். பெரியப்பா கொடுத்தது இரண்டு ரூபாய். அறுபத்தேழில் ஆட்சி மாறிய புதிது. திருவாரூர்ப் பக்கமெல்லாம் கூலித் தகராறு. வெளியாள் முன்னால் கஞ்சனாகத் தெரிய அவருக்கு மனசில்லை. "மூணுன்னு சொல்லும்மா" என்றார் காதோரமாக. சரியான 'பெர்' கிடைத்துவிட்ட சந்தோஷத்தில், வகுப்பில் ஒப்பிக்கிற குரலில் "த்ரீ ருபீஸ் பெர் டே" என்றேன். சேற்றில் குனிந்திருந்த பெண்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள்.

மறுநாள் காலையில் அவர்கள் வயலில் இறங்கவில்லை. எங்கள் வாசலில் நின்றார்கள். பறித்துப்போட்ட நாற்று வெயில் ஏறினால் வாடிவிடும். அவர்களில் மூத்தவள் பதமாகத்தான் பேசினாள்.

"தொரைகிட்ட சொன்ன கூலியக் குடுத்துடுங்க ஐயா. எம் மவனும் ஒன் டூ த்ரீ படிக்கிறான்ல."

"அது சும்மா பேச்சுக்குச் சொன்னது."

"மூணு குடுக்குறவருன்னு ஊரெல்லாம் பேராப் போச்சுங்க. இல்லேன்னு நாங்க எப்படிச் சொல்றது?"

பெரியம்மா சிரிப்பை அடக்கமாட்டாமல் உள்ளே போய்விட்டார். பாவம் பெரியப்பா. வெயிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி, போய் இறங்குங்க, மூணே வாங்கிக்கங்க" என்றார். வந்த பேரை விட்டுக்கொடுக்காத அந்த வீம்புக்காகவே அவரை எனக்கு இன்றும் கொள்ளைப் பிரியம்.

போகும்போது அந்த மூத்தவள் என்னருகே நின்று, "நல்லாச் சொன்னே பாப்பா" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் இங்கிலீஷைத்தான் மெச்சுகிறாள் என்று நினைத்து, எருச் செலவையும் அவளுக்கு முழுசாகச் சொல்லிக் காட்டினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு வயலுக்குப் போனாள்.