தரணேந்திரன் சாரின் படத்தை எங்கே ஒட்டுவது?

பள்ளி திறக்க ஒரு வாரம் இருந்தது. ஆசிரியர்களின் படங்களுக்குப் பின்னால் புதிய வெல்க்ரோ தைத்துப் பலகையில் ஒட்டிக்கொண்டிருந்தபோது தரணேந்திரன் சாரின் மகன் கைபேசியில் அழைத்தான். "மேடம், அப்பா காலையில..." என்று ஆரம்பித்தான். "வரேம்ப்பா" என்று சொல்லி வைத்துவிட்டு, மிச்சமிருந்த படங்களையும் ஒட்டி முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். பாதியில் விட்டால் அவருக்குப் பிடிக்காது.

பெரணமல்லூர் பக்கத்தில் அவர் வீடு. வழியெல்லாம் கைபேசியில் ஒரே பேச்சு: சார் தவறிட்டாராமே, சார் போயிட்டாராமே. நானும் எல்லாருக்கும் அப்படியேதான் பதில் சொன்னேன்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கான நம் ஆரணிப் பள்ளிக்குள் வந்தவர்களுக்கு அந்தப் பலகை நினைவிருக்கும். இடப்பக்கம் 'பள்ளியில்', வலப்பக்கம் 'வீட்டில்'. விடுமுறை முழுக்க எல்லாப் படங்களும் வலப்பக்கம் இருக்கும். காலையில் வந்ததும் அவரவர் படத்தை இடப்பக்கம் மாற்றிவிட வேண்டும். எதிர்பார்த்த முகம் திடீரென்று காணாமல் போனால் தவித்துப்போகிற பிள்ளைகளுக்காக சார் செய்த ஏற்பாடு அது. தினமும் அதைச் சரிபார்ப்பவள் பவித்ரா. பதினோரு வயது, கண்ணமங்கலத்துப் பெண். பலகையில் ஒரு படம் தவறாக இருந்தாலும் வகுப்புக்குள் கால் வைக்க மாட்டாள்.

பள்ளி தொடங்கிய வருடம், முதல் நாளுக்கு மேளம், பலூன் என்று புரவலர் ஒருவர் அமர்க்களப்படுத்திவிட்டார். சார் மேளக்காரர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து, வாசலிலிருந்தே மரியாதையாகத் திருப்பி அனுப்பினார். புரவலருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"வரவேற்பே இல்லாம எப்படி சார்?"

"கதவைத் தொறந்து வச்சிட்டு ஒதுங்கி நிக்கிறோம் இல்லீங்களா? அதாங்க வரவேற்பு."

எதிர்த்தெரு வரைக்கும் கேட்டிருக்கும். அவர் குரல் அப்படி. பிள்ளைகளிடம் பேசும்போது மட்டும் அதை எங்கே மடித்து வைப்பாரோ தெரியாது.

அவர் ஜைனர். பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டார். ஒவ்வொரு மே மாதமும் நாங்கள் புது வருடத்துக்குத் திட்டம் போட உட்காரும்போது, முக்கியமான கட்டத்தில் டிபன் பாக்ஸைத் திறந்துவிடுவார். "சூரியன் கூடவே உங்க இட்லியும் மறைஞ்சிடுமா சார்?" என்று நான் வம்புக்கு இழுப்பேன். "மறைஞ்சிடும் மேடம், நீங்க எதிர்ல உக்காந்துகினு இருந்தா" என்பார்.

முள்ளிப்பட்டிலிருந்து ஒரு தாய், தறி நெய்கிறவர், மகனைச் சேர்க்க வந்திருந்தார். பையன் தயிர்சோறு, இட்லி தவிர எதையும் தொடமாட்டான், அதுவும் வெள்ளைத் தட்டில் இருந்தால்தான். "பைத்தியம்னு சொல்றாங்க சார்" என்று அழுதார். சார் கொஞ்சமும் பதறவில்லை.

"எனக்கும்தான் இருட்டினா சோறு எறங்காது. என்னை யாராவது பைத்தியம்னாங்களா? கொள்கைக்காரன்னு சொல்றாங்க. உங்க பையனும் கொள்கைக்காரன்னு நெனச்சிக்குங்க."

அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். வெள்ளைத் தட்டு ஒன்றை சாரே கடைக்குப் போய் வாங்கிவந்தார்.

போன வருடம் பள்ளி திறந்தபோது பவித்ரா வரவில்லை. விடுமுறையில் அவள் தாத்தா இறந்திருந்தார். வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தார்கள். அவளோ பள்ளி வேனில் ஏற மறுத்து, வேலூரிலிருந்து வருகிற பஸ்களைப் பார்த்தபடி நிறுத்தத்திலேயே நின்றாள். சாரும் நானும் போனோம்.

"செத்துட்டாருன்னு சொல்லிடுங்கம்மா" என்றார் சார், அவள் அம்மாவிடம்.

"கொயந்த தாங்குமா சார்?"

"தெனம் பஸ்ஸைப் பார்த்துகினு நிக்குதே, அதைத் தாங்குது. நீங்க சொல்றதையும் தாங்கும்."

அம்மா சொன்னார். பவித்ரா அன்று கத்தினாள், மறுநாள் அழுதாள், அதற்கடுத்த நாள் வேனில் ஏறினாள்.

இந்த வருடம் அந்த வேலை என் தலையில் விழுந்தது. பவித்ரா வருவதற்குள் சாரின் படத்தை எடுத்துவிடலாம் என்றார் ஓர் ஆசிரியர். 'வீட்டில்' பக்கமே இருக்கட்டுமே என்றார் இன்னொருவர். எடுத்தால் தேடுவாள், இருந்தால் காத்திருப்பாள். இரண்டும் வேண்டாம், நானே சொல்கிறேன் என்று வீராப்பாகச் சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு, முதல் நாள் காலையில் வேன் வருகிற பக்கமே பார்த்தபடி வாசலில் நின்றேன். ஒரு வாரமாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்த 'தவறிட்டார்' இவளிடம் செல்லாது.

வேனிலிருந்து இறங்கி நேராகப் பலகைக்கு வந்தாள்.

"தரணேந்திரன் சார் வீட்டில்."

"இல்ல பவித்ரா."

"பள்ளியில்?"

"இல்லம்மா. சார் செத்துட்டாரு. இனிமே வரமாட்டாரு."

அந்தச் சொல்லை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகுதான் எனக்கே அழுகை வந்தது. பவித்ரா அழவில்லை.

"தாத்தா மாதிரி" என்றாள்.

"ஆமா. தாத்தா மாதிரி."

சர்ரென்று சாரின் படத்தைப் பிரித்தெடுத்தாள். பலகையின் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என் உள்ளங்கையில் அதை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடினாள். திரும்பவும் பலகையைப் பார்த்தவள், பதற்றத்தில் நான் மாற்ற மறந்திருந்த என் படத்தை எடுத்து 'பள்ளியில்' பக்கம் ஒட்டினாள். ஓரத்தை அழுத்திவிட்டு வகுப்புக்குள் போய்விட்டாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நானும் பின்னாலேயே போனேன். வருடம் தொடங்கிவிட்டது.

அவரைத் தெரிந்த உங்கள் எல்லாரிடமும் அவருடைய ஏதாவது ஒன்று இருக்கும். என்னிடம் இருப்பது அந்தப் படம். கைப்பையில்தான் வைத்திருக்கிறேன். பின்னால் நான் தைத்த புது வெல்க்ரோ நன்றாகப் பிடிக்கிறது. கைக்குட்டையை எடுத்தால் சாரும் கூடவே வந்துவிடுகிறார்.