குழாய்க்காரர் போட்ட பிளேடு

எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் இருக்கும் குழாய்க்காரர் நாற்பத்தாறு வயதுவரை பேசி யாரும் அதிகம் கேட்டதில்லை. ஊமை என்று நினைத்துவிட வேண்டாம். “வாஷர் போயிடுச்சு”, “நாளைக்கு வரேன்”, “தண்ணிய மூடுங்க” என்று மூன்று வாக்கியங்கள் கைவசம் வைத்திருந்தார். தொழிலுக்கு அது தாராளம். குடும்பத்துக்குப் போதவில்லை. அவர் மனைவியைக் குடியிருப்பில் எல்லோரும் ‘அம்மா’ என்போம்; வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு, கிழிந்ததைத் தைத்தும் பெரியதைச் சிறியதாக்கியும் கொடுப்பவர். “சுவத்தோட பேசினாக்கூட எதிரொலி வரும். இவரோட பேசினா அதுவும் கிடையாது” என்று படிக்கட்டில் நின்று என் மனைவியிடம் சொல்லிப் பெருமூச்சு விடுவார்.

கடைசியில் அவர் வாயைத் திறந்து வைத்தது ஒரு சுவர்தான்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் தன் பழைய வீட்டுக் குளியலறையைப் புதுப்பிக்க இவரைக் கூப்பிட்டிருந்தார். கண்ணாடி வைத்த சின்ன அலமாரி ஒன்று சுவரோடு சுவராகப் பதித்திருந்தது. அதைப் பெயர்த்துவிட்டுப் பின்னாலிருந்த சுவரில் சுத்தியலால் இரண்டு போடு போட்டார். செங்கல் விழுந்தது. அதன் பின்னாலேயே சலசலவென்று துருப்பிடித்த பிளேடுகள் கொட்ட ஆரம்பித்தன. நூறு, இருநூறு இல்லை. அள்ளிப் போட்டதில் அரை வாளி நிறைந்தது. இவர் துள்ளிப் பின்னால் குதித்து, பழக்கதோஷத்தில் “தண்ணிய மூடுங்க!” என்று கத்தினாராம்.

சத்தம் கேட்டு வந்த தலைமையாசிரியை சிரித்துவிட்டார்.

“பயப்படாதீங்க, எங்கப்பா வேலை. அந்த அலமாரி முதுகுல மெல்லிசா ஒரு சந்து இருக்கு பாருங்க. பழைய பிளேடை அதுல போட்டுடுவார். அந்தக் காலத்து அலமாரியில அப்படித்தான் வச்சிருப்பாங்க.”

“போட்டா எங்க போகும்?”

“சுவத்துக்குள்ள.”

“சுவரு நெறஞ்சா?”

“அதுக்குள்ள நாம போயிடுவோம்னு சொல்வார். சொன்னபடியே போயிட்டார்.”

அலமாரியின் கீழ்த்தட்டில் அந்த அப்பாவின் ரேசரும் இருந்தது. வெள்ளிப் பூச்சு போய்ப் பித்தளை எட்டிப் பார்க்கும் ரேசர். தலை, தட்டு, பிடி என்று மூன்று துண்டாகக் கழலும். கையில் வைத்தால் கனக்கும். குழாய்க்காரர் பிடியின் மரையைத் திருகித் திருகிப் பார்த்தார். இவ்வளவு சின்ன மரையை இவ்வளவு சுத்தமாக வெட்டியவன் யாரோ என்று அவருக்கு மலைப்பு. அதைப் பார்த்த தலைமையாசிரியை, “வச்சுக்குங்க, எனக்கு எதுக்கு?” என்றார்.

மறுநாள் அதில் ஒரு புது பிளேடைப் போட்டு ஷேவ் செய்தார். பிளாஸ்டிக் ரேசரை அழுத்துவதுபோல அழுத்தியதில் மூன்று இடத்தில் வெட்டு. மோவாயில் காகிதத் துண்டுகளை ஒட்டிக்கொண்டே வேலைக்குப் போனார். அடுத்த நாள், அழுத்தக் கூடாது, அதன் கனமே வேலையைப் பார்த்துக்கொள்ளும் என்று புரிந்தது. கன்னம் பளபளத்தது. பிடித்தது பைத்தியம். பழைய சாமான் கடை, நூலகம், கைபேசி என்று எங்கே தேடினாலும் ரேசரைத்தான் தேடினார்.

ஒரு சாயங்காலம் அவர் மனைவி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது. “ஒரு விஷயம் தெரியுமா உனக்கு?”

இருபத்திரண்டு வருடத் தாம்பத்தியத்தில் அவராகப் பேச்சைத் தொடங்கியது அன்றுதான். அம்மாவுக்கு ஊசி கை நழுவி விழுந்தது. அவர் இரண்டு மணி நேரம் பேசினார். கேட்டுக்கொண்டிருந்த அம்மாவுக்குக் கண் கலங்கியது. மூன்றாவது வாரத்திலும் கலங்கியதாகக் கேள்வி, காரணம் வேறு.

குடியிருப்பில் அவருக்குப் ‘பிளேடு’ என்று பெயர் வைக்க யாரும் ரூம் போட்டு யோசிக்கவில்லை. தன் ரேசர் ஞானத்துக்கு ஊர் கொடுத்த பட்டம் என்று நினைத்து அவர் அதில் பெருமைப்பட்டதுதான் வேடிக்கை. என் வீட்டுச் சமையலறைக் குழாய் ஒழுகியபோது, அடியில் ஒரு பாத்திரத்தை வைத்து மூன்று மாதம் சமாளித்தேன். கூப்பிட்டால் வாஷர் மாற்ற ஐந்து நிமிடம், ரேசருக்கு ஒன்றரை மணி நேரம். அவருடைய மச்சினன் என்னைவிடக் கெட்டிக்காரன். “ஷேவ் பண்ணின மூஞ்சியப் பாத்தாத்தானே மாமா ஆரம்பிக்கிறாரு?” என்று தாடியே வளர்த்துவிட்டான்.

மூன்று வருடத்தில் ரேசர்கள் அறுபத்தொன்று ஆயின. அவை தையல் மெஷினின் இழுப்பறைக்குள் குடியேறின. “பட்டனெல்லாம் எங்கங்க?” என்று அம்மா கேட்பார். “பிஸ்கட் டப்பாவுல இருக்கு.” “பிஸ்கட்டு?” அதற்குப் பதில் வராது, கேட்டது ரேசரைப் பற்றி இல்லையே.

அப்புறம்தான் அது நடந்தது. நூலகத்தில் கைகழுவும் தொட்டி அடைத்துக்கொண்டது. புதிதாக வந்திருந்த நூலகர் ஒரு மணி நேரம் பிளேடு வாங்கியும் கொட்டாவி விடாமல், “மாசக் கடைசிக் கூட்டத்துல நீங்க இதப் பேசணும்” என்று கேட்டுவிட்டார். விவரம் தெரியாத மனிதர்.

பத்து நாள் ஒத்திகை நடந்தது. அம்மா வெள்ளைத் துணியில் அறுபத்தொரு சின்னப் பைகள் வைத்துத் தைத்துக் கொடுத்தார். எங்கள் குடியிருப்பிலிருந்து ஏழு பேர் போனோம், கடமைக்கு. மொத்தம் முப்பது பேர் இருப்போம். இஸ்திரி போட்ட சட்டையில் குழாய்க்காரர் எழுந்து மைக்கைப் பிடித்தார். “எல்லாருக்கும் வணக்கம்” என்றார்.

அவ்வளவுதான். மின்விசிறி சுற்றியது. அவர் துணியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மறுபடி துணியைப் பார்த்தார். நெற்றியிலிருந்து வியர்வை இறங்கி மூக்கு நுனியில் நின்றது. “மூணு வருஷமா மூடாத வாயி, இன்னிக்குப் போய்ப் பூட்டிக்கிச்சே” என்று மச்சினன் என் காதில் முணுமுணுத்தான். ஆனால் அவன் சிரிக்கவில்லை.

கடைசி வரிசையில் நாற்காலி நகரும் சத்தம். அம்மா நடந்து போய் மைக்கை வாங்கிக்கொண்டார்.

“இவருக்குத் தொண்ட கட்டிக்கிச்சு. நான் சொல்றேன். முன்னெல்லாம் நீளக் கத்திதான். தினம் ஒருத்தர் கையில கழுத்தக் கொடுக்கணும். அவரோட சண்ட போட்டா அன்னிக்குத் தாடிதான். நூத்திருபது வருஷம் முன்னாடிதான், மழுங்கினா தூக்கிப் போடுற மெல்லிசு பிளேடு வந்துச்சு. முதல் உலகப் போருக்குப் போன சிப்பாய்ங்களுக்கு அரசாங்கமே ரேசர் கொடுத்தனுப்புச்சு. திரும்பி வந்தவங்க துப்பாக்கியக் கொடுத்துட்டாங்க, ரேசரக் கொடுக்கல.”

கூட்டம் சிரித்தது. அம்மா நிமிர்ந்துகொண்டார். கையை நீட்ட நீட்டக் குழாய்க்காரர் சரியான ரேசரை எடுத்து அதில் வைத்தார்.

“இந்தக் குட்டி ரேசர் பொம்பளைங்களுக்குன்னு செஞ்சது. அதுவரைக்கும் நம்ம அக்குள்ல முடி இருக்கறது யாருக்கும் ஒரு பிரச்சினையாத் தெரியல. விக்கணும்னு வந்தப்பதான் தெரிஞ்சுது. அப்புறம், பிளேடுக்கு நடுவுல ஓட்ட இருக்கு பாருங்க, மொதல்ல மூணு வட்டமா இருந்துச்சு. இன்னொரு கம்பெனிக்காரன் வேற மாதிரி ஓட்ட போட, கோர்ட்டு வரைக்கும் போச்சு. ஓட்டைக்குச் சண்ட! கடைசியில ரெண்டு கம்பெனியும் சம்பந்தி ஆயிட்டாங்க.”

நாற்பது நிமிடம். நடுவில் ஒருமுறை குழாய்க்காரர் வருடத்தைத் திருத்தக் காதோரம் குனிந்தார். “இந்தக் குறுக்கீட்டோடதான் நான் குடும்பம் நடத்துறேன்” என்றார் அம்மா. கைதட்டல் அடங்கப் பொழுதாயிற்று.

திரும்பும் வழியில் நான் அவர்களுக்குப் பின்னால்தான் நடந்தேன்.

“நீ கேக்கவே இல்லன்னு நெனச்சேன். மெஷின ஓட்டிக்கிட்டேதானே இருப்ப?”

“மெஷின ஓட்டினது காலு. காது சும்மாத்தானே இருந்துச்சு.”

அவர் ரேசர் துணி இருந்த பெட்டியைத் தோள் மாற்றிக்கொண்டு, மனைவியின் கைப்பையையும் வாங்கிக்கொண்டார். தெருமுனைவரை அந்தப் பை அவர் கையில்தான் ஆடிக்கொண்டிருந்தது.

பிறகு ஒரு பள்ளிக்கூடமும் வேறு இரண்டு நூலகங்களும் கூப்பிட்டன. மூன்று பேரும் கேட்டது ஒன்றேதான்: “அம்மா வருவாங்கல்ல?” அவருக்கு உள்ளுக்குள் சுருக்கென்றிருக்க வேண்டும். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். மூன்றாம் நாள் ரேசர்களுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்துக் கிளம்பிவிட்டார். இப்போது அம்மா பேசுகிறார். இவர் மேடையிலேயே நுரை போட்டு ஒரு கன்னத்தை மட்டும் மழித்து, இரண்டையும் தொட்டுப் பார்க்கச் சொல்கிறார். குழந்தைகள் வரிசையில் நிற்கின்றன.

நான்காவது கூட்டத்தில் கடைசி ஐந்து நிமிடத்தை அம்மா அவருக்கு விட்டுக்கொடுத்தார். தடுமாறாமல் பேசிவிட்டார். அது முதல் ஒவ்வொரு கூட்டத்திலும் அந்த ஐந்து நிமிடம் அவருடையது. ஆறாவது நிமிடம் தொடங்கினால் அம்மா லேசாக இருமுவார்.