மாமன் மடி

கடலூர் போகும் பஸ்ஸில் புஷ்பவள்ளி வெண்மதியின் தலையைத் தோளில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெண்மதிக்கு ஆறு வயது. சிதம்பரத்தில் புஷ்பவள்ளி வீட்டில் இரண்டு வருடமாக வளர்கிறாள், பெற்றவள் வேறொருத்தி. இன்று குழந்தைகள் நலக் குழுவுக்கு அந்தப் பெற்றவளும் வருகிறாள். பிள்ளை யாரோடு திரும்பும் என்பது அங்கேதான் முடிவாகும்.

புஷ்பவள்ளிக்கு அசதியாக இருந்தது. ஒரு நாள் அசதி என்றால் தூங்கினால் போய்விடும். ஐம்பத்திரண்டு வயதில் மறுபடியும் பேன் பார்த்து, ஜடை பின்னி, "வாயத் தொற, முழுங்கு" என்று தினமும் கத்தியதில் சேர்ந்த அசதி இது.

"ஒனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேல?" என்று தெருவில் கேட்காத ஆள் இல்லை. கோயிலில் பார்ப்பவர்களிடம் புண்ணியம் என்றாள். மற்றவர்களிடம் பொழுது போகவில்லை என்றாள். எதிர்வீட்டுச் சந்திரலேகா பதிலுக்கே காத்திருக்கவில்லை. "ஊரார் புள்ளைய ஊட்டி வளத்தா தன் புள்ள தானா வளரும்" என்று அவளே தீர்ப்பு எழுதிவிட்டாள். தன் பிள்ளை ஸ்ரீதர் எப்போதோ வளர்ந்து, ஓசூரில் வேலைக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை போனில் மட்டும் மகனாக இருக்கிறான். இனிமேல் அவன் எங்கே வளர?

நிஜக் காரணத்தைக் கணவர் வைத்திலிங்கத்திடம் மட்டும்தான் சொன்னாள். "சும்மா ஒக்காந்தே அலுத்துப் போவுதுங்க. எப்படியும் அலுக்கத்தான் போவுது. ஒரு புள்ளைக்குச் செஞ்சாவது அலுத்துப் போறனே." மினிபஸ் ஓட்டிவிட்டு வந்து படுத்த மனிதர், "ஒன் இஷ்டம்" என்று திரும்பிப் படுத்தார். அது அவருடைய சம்மதம்.

பிள்ளையை ஒப்படைத்த அன்றே அதிகாரி தெளிவாகச் சொன்னார்: "இது தத்து இல்லம்மா. தாய்க்கு ஒடம்பு தேறுற வரைக்கும்தான்." வெண்மதியின் அம்மா சிந்துஜா கடலோரக் கிள்ளை ஊர்க்காரி. புருசன் செத்துப்போனபின் காசநோயில் விழுந்து ஆஸ்பத்திரியே கதி என்று கிடந்தாள். அவள் தம்பி கதிர்வேல் கேரளாவில் மீன்பிடி போட்டு வேலைக்குப் போயிருந்தான். எல்லாவற்றையும் கேட்டுப் புஷ்பவள்ளி நன்றாகத் தலையாட்டினாள்.

போன பங்குனியில் அந்தத் தலையாட்டல் மறந்துவிட்டது. கம்மல் வேண்டும் என்று பிள்ளை கேட்டது உண்மைதான். ஆசாரியை வீட்டுக்கு அழைத்துக் காதைக் குத்திவிட்டிருக்கலாம். அது போதவில்லை இவளுக்கு. நெல்லிக்குப்பத்திலிருந்து தன் தம்பி ராஜவேலை வரவழைத்து, குமராட்சிப் பக்கம் குலதெய்வக் கோயிலில் அவன் மடியில் உட்கார வைத்துக் குத்தினாள். தாய்மாமன் மடியில் உட்கார்ந்த பிள்ளை நம் பிள்ளை என்று ஒரு திருட்டு எண்ணம். யாரிடமும் சொல்லவில்லை.

அலுவலக வராந்தாவில் சிந்துஜா தம்பியோடு காத்திருந்தாள். மெலிந்திருந்தாலும் கண்ணில் களை திரும்பியிருந்தது. மகளை வாரி அணைத்துத் தலையைத் தடவியவளின் கை காதருகே நின்றது.

"யாருடி குத்துனது?"

"பெரியம்மாவோட தம்பி மாமா மடியில ஒக்காந்து குத்திக்கிட்டேன். அழவே இல்ல" என்றாள் வெண்மதி பெருமையாக.

கதிர்வேலின் முகம் செத்துப்போனது. அவன் சட்டைப் பையிலிருந்து எடுத்த நகைக்கடை டப்பாவில் சின்னதாக ஒரு ஜோடி கம்மல். "நான் ஒருத்தன் உசுரோட இருக்கறது தெரியலயா ஒங்களுக்கு? எம்மடி என்னா ஆவுறது?"

"தப்புதான் தம்பி" என்றாள் புஷ்பவள்ளி. வேறென்ன சொல்ல முடியும்?

உள்ளே குழுவினர் அவளிடம்தான் முதலில் கேட்டார்கள். தாய் இன்னும் தேறவில்லை, பரீட்சை முடியட்டும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இன்னும் கொஞ்ச காலம் தள்ளிப்போகும். அதைச் சொல்லத்தான் பஸ் ஏறியிருந்தாள். கதிர்வேல் அந்த டப்பாவை இன்னும் மூடாமல் கையில் வைத்திருந்தான்.

"அம்மாதான் வந்துட்டாங்களே. அனுப்பிடுங்க" என்றாள்.

அனுப்பிவிட்டார்கள். வெளியே வந்ததும் வெண்மதி இவள் புடவையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். விரல் விரலாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. புஷ்பவள்ளி திரும்பிப் பார்க்காமல் வாசலுக்கு நடந்தாள்.

"நில்லுங்க" என்று பின்னாலிருந்து கதிர்வேல் சத்தம் போட்டான். "மடி மட்டும் குடுத்துட்டா ஆச்சா? இது வயசுக்கு வந்தா மாமன் சீர் யாரு தூக்கியாருவா? ஒங்க தம்பியும் தட்டு தூக்கணும். வரலன்னா சிதம்பரத்துக்கே வந்து சண்ட புடிப்பேன், சொல்லிட்டேன்."

கோபமாகத்தான் சொன்னான். சிந்துஜா அவன் கையை அழுத்தி அமர்த்தினாள். "அதுக்கு முன்னாடி லீவு வருதுல்ல. கொண்டாந்து விடறேன்க்கா" என்றாள்.

திரும்பும் பஸ்ஸில் புஷ்பவள்ளி ராஜவேலுக்குப் போன் போட்டாள். "வெண்மதி வயசுக்கு வந்தா நீ சீர் எடுத்துக்கிட்டுக் கிள்ளைக்குப் போவணும். இப்பவே சொல்லிட்டேன்."

"புள்ளைய அனுப்பிட்டியாக்கா?"

"அனுப்பிட்டேன்."

"அப்பறம் என்னாத்துக்கு என்னைய சீர் தூக்கச் சொல்ற?"

"மாமன்டா நீ. அவுங்களே சொல்லிட்டாங்க" என்றாள். அதற்குமேல் முடியவில்லை. காலையிலிருந்து அடக்கியதையெல்லாம், பஸ்ஸே திரும்பிப் பார்க்க, சத்தம் போட்டு அழுதாள்.