ஏழு பானைகளும் கண்ணாயிரத்தின் மூக்கும்

கண்ணாயிரத்தைப் பற்றி எங்கள் ஊரில் எவரும் இரண்டு வரி எழுதியதில்லை. ஆகவே நான் எழுதுகிறேன். மாமல்லபுரத்துக்கு மேற்கே, உப்புக்காற்று எட்டும் தொலைவிலுள்ள ஊர். 1998இல் அவருக்குக் குடும்ப அட்டைப்படி வயது ஐம்பத்தொன்று, வாக்காளர் பட்டியல்படி முப்பத்தெட்டு. இரண்டின் நகலும் என்னிடம் உள்ளன. பதினாறு வயதில் தென்னை ஏறத் தொடங்கியவர், விழுந்தது ஒரே ஒரு முறை. அதுவும் மரத்திலிருந்து அல்ல, சாலையோரக் கால்வாயில். "மரம் ஏறசொல்ல குடிக்க மாட்டேன், எறங்கினா குடிக்காம இருக்க மாட்டேன்" என்பது அவர் தமக்கு வகுத்துக்கொண்ட நடத்தை விதி. அதை அவர் மீறி நான் கண்டதில்லை.

என் இருபத்திரண்டு தென்னைகளில் காண்டாமிருக வண்டு புகுந்தது அவ்வாண்டுச் சித்திரையில். குருத்தைத் துளைத்து உள்ளே போகும். பின்னர் விரியும் ஓலை, கத்தரியால் நறுக்கிய விசிறிபோல் வரும். நஞ்சு தெளிக்க எனக்கு மனமில்லை. துண்டறிக்கைகளைப் படித்து நானே ஒரு முறையைக் கற்றேன். அச்சரப்பாக்கத்தில் வாங்கிய ஆமணக்குப் பிண்ணாக்கைத் தண்ணீரில் கரைத்து, ஏழு மண்பானைகளில் ஊற்றி, வாய் மட்டும் தெரியுமாறு மரங்களுக்கிடையே புதைத்தேன். சில நாளில் அது புளித்து நாறும். நாற்றத்தைத் தேடி வண்டு தானே வந்து விழுந்து சாகும். இருபது நாளில் நூற்றுப் பதினாறு வண்டுகள். பானைவாரியாகப் பதிவு உண்டு.

அடுத்த தோட்டத்து வரதனுக்கும் எனக்கும் எல்லைக்கல் தொடர்பாக ஒன்பதாண்டுக் கடிதப் போக்குவரத்து இருந்தது. கள்ளச்சாராயம் காய்ச்சுவோர் மண்ணுக்குள் பானை புதைத்து ஊறல் போடுவது அக்காலத்தில் வழக்கம். வரதன் என் பானைகளும் அவ்வகையே என்று ஒரு மனு எழுதிப் போட்டார். ஒரு காலை மதுவிலக்குக் காவல் ஜீப் என் வாசலில் வந்து நின்றது.

நான் அரசு அலுவலக இளநிலை உதவியாளன். வழக்குப் பதிவானால் அன்றே பணியிடை நீக்கம். பதினான்கு ஆவணங்கள் கொண்ட கோப்பைப் பொருளடக்கத்துடன் துணை ஆய்வாளரிடம் நீட்டினேன்.

"என்னய்யா இது, ஜாதகக் கட்டா? அப்புறம் பாக்கலாம்" என்றவர், குச்சியால் ஒரு பானையைக் கிளறினார். செத்த வண்டுகள் மிதந்தன. எனக்கு உயிர் வந்தது. வேடிக்கை பார்த்த கூட்டத்தில் நின்ற வரதன் விடவில்லை.

"பாத்தியா சார்! ஒர்த்தன் பல்லி போடுவான், ஒர்த்தன் பேட்டரி போடுவான். இவுரு வண்டு போட்டுகீறாரு. கிக்கு ஏறணும்ல?"

துணை ஆய்வாளர் குழம்பினார். "இந்த ஊர்ல மோந்து பாத்தே சொல்றவன் எவனாவது இருக்கானா?"

கூடியிருந்தோர் அனைவரும் ஒரே திசையில் திரும்பினர். தேங்காய் பறிக்க வந்த கண்ணாயிரம், தோளில் தளைக்கயிற்றுடன் அங்கே நின்றிருந்தார்.

 முந்திய மாதம் தாமதமாக வந்தமைக்காக, மூன்று நாளில் விளக்கம் கோரி அவருக்கு எழுத்துமூலம் குறிப்பாணை வழங்கியிருந்தேன்.

"மூக்கு அடைச்சிகினு கீது சார். ஒரு சிகரெட்டு குடுத்தா தொறந்துக்கும்" என்றார் கண்ணாயிரம். கிடைத்தது. நிதானமாகப் புகைத்து முடித்துவிட்டு, பானை பானையாக மண்டியிட்டு, கண்ணை மூடி முகர்ந்தார். நான்காம் பானையில் தலையை நிமிர்த்தினார்.

"கிளார்க்கு சார், அன்னிக்கி மெமோ குடுத்தியே, அதுக்கு நான் இன்னும் வெளக்கமே தர்லியே?"

"அதை வாபஸ் வாங்கிடறேன்."

"எழுத்துலயா?"

"எழுத்துலதான்."

ஏழாம் பானையையும் முகர்ந்துவிட்டு எழுந்தார். "சார், இது சரக்கு இல்ல."

"எப்படிச் சொல்ற?"

"இருவது நாளா இந்தத் தோட்டத்துக்கு வந்துகினு போய்கினு கீறேன். சரக்கா இருந்தா ஏழு பானையும் இப்பிடி ரொம்பிகினு நிக்குமா?"

வரதனே சிரித்துவிட்டார். பதினான்கு ஆவணங்கள் நிறுவாததை ஒரே வாக்கியம் நிறுவியது. 'பூச்சிப்பொறி, மேல்நடவடிக்கை தேவையில்லை' என்று எழுதிய துணை ஆய்வாளர், பேனாவை மூடிக்கொண்டே கேட்டார்: "அது சரி, நெஜ ஊறல் எங்க இருக்குன்னும் உனக்குத் தெரியும்ல? ஏறு ஜீப்புல."

கண்ணாயிரம் அருகிலிருந்த மரத்தை அண்ணாந்து பார்த்தார். "மேல ஒரு வண்டு பூந்துகினு கீது சார். குருத்தத் தின்னுடும். எடுத்துகினு வந்துடறேன்."

ஏறிவிட்டார். நடுப்பகல்வரை ஜீப் நின்றது. இருமுறை ஆரன் அடித்தார்கள். இரண்டாம் முறை மட்டைகளுக்கிடையிலிருந்து பணிவான குரல் வந்தது:

"வண்டோட ஒரு காலு ஆப்ட்டுகிச்சி சார்! இன்னும் அஞ்சு காலு கீது!"