ஹலோ அக்கா இன்டர்வியூவுக்குப் போனது

அம்மா இறந்த அன்று வந்தவர்களில் பலர் அவரை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்கள். அதுவரை அவர் குரலை மட்டும் அறிந்தவர்கள். வெளியூர்களில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர்கள், தூரத்து ஆஸ்பத்திரிகளின் அவசரப் பிரிவு நர்ஸுகள், எப்போதோ ஒரு முறை போன் செய்து பிழைத்துக்கொண்ட ஒருவர். "இவங்களா அது?" என்று வாசலில் நின்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். தெருவில் அவருக்கு 'ஹலோ அக்கா' என்று பெயர்.

அவசர போன்களை எடுத்து வண்டி அனுப்பும் அந்த ஆம்புலன்ஸ் கண்ட்ரோல் ரூம் வேலை அவருக்குச் சும்மா கிடைக்கவில்லை.

அதற்கு முன்பு அம்மா ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆப்பரேட்டர். மாடிப்படிக்குக் கீழே ஜன்னல் இல்லாத அறை. எதிரே போன் இணைப்புப் போர்டு, காதில் ஹெட்செட், முதுகுக்குப் பின்னால் கதவு. கல்யாணத்துக்கு முன் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர், மகள் படித்து முடித்து வேலைக்குப் போன பிறகும் அதில்தான் இருந்தார். பிறகு ஆஸ்பத்திரி, தானே இணைப்புக் கொடுக்கும் இயந்திரம் ஒன்றை வாங்கியது. ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும் என்று பதிவு செய்த குரல் பேசியது. அம்மாவுக்கு நன்றி சொல்லி ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள்.

"இதுல மணி பாத்து நான் எங்க போகணும்?" என்று அம்மா கேட்டார்.

அப்பா தையல் கடையில் துணி வெட்டுகிறவர். மகள் ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பழுது பார்க்கிறவள். வீடு ஓடிவிடும். அம்மாவால்தான் உட்கார முடியவில்லை. பக்கத்து வீட்டில் போன் அடித்தால்கூட எழுந்து நின்றுவிடுவார். யாரும் எடுக்காமல் அது அடித்து ஓய்ந்தால் அன்று முழுவதும் முகம் சரியாக இருக்காது.

இரண்டு இடங்களுக்கு இன்டர்வியூ போனார். ஒரு ஹோட்டல், ஒரு டாக்ஸி கம்பெனி. இரண்டிலும் ஒரே கதைதான். மூன்று பேர் எதிரே உட்கார்ந்து பார்த்ததும் பார்வை கீழே போய்விட்டது. மேஜையைப் பார்த்து "ம்", "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். தகவல் சொல்கிறோம் என்றார்கள். சொல்லவில்லை.

அப்புறம்தான் ஆம்புலன்ஸ் கண்ட்ரோல் ரூமிலிருந்து கூப்பிட்டார்கள். அவர்களுக்கு வயது வரம்பு உண்டு. அடுத்த முறை ஆள் எடுக்கும்போது அம்மா அதைத் தாண்டியிருப்பார்.

"இதைக் கோட்டை விட்டா அவ்வளவுதான். கோட்டை விடப் போறதில்ல," என்றார் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே ஒத்திகை. அம்மாவின் தம்பி வந்திருந்தார். இன்சூரன்ஸ் விற்கிறவர், வாய்க்குப் பஞ்சமே இல்லாதவர்.

"அக்கா, மொதல்ல கெத்தா உக்காரு. உன் குறை என்னன்னு கேப்பாங்க. 'அளவுக்கு மீறி உழைப்பேன், அதான் சார் என் குறை'ன்னு அடிச்சு விடு."

"அது பொய்டா."

"இன்டர்வியூல யாருக்கா நிஜம் பேசுறா? அவங்க சொல்ற வேலை நேரமே நிஜமில்ல."

அப்பா மூக்குக்கண்ணாடியை இறக்கி அதிகாரி மாதிரி உட்கார்ந்தார். "ஏம்மா, ஒரே நேரத்துல நாலு போன் அடிச்சா எதை எடுப்ப?"

அம்மா அடுப்புப் பக்கம் திரும்பி நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டே பதில் சொன்னார். நாலையும் எடுக்க வேண்டும். மூன்று பேரிடம் ஒரே ஒரு வாக்கியம் சொல்லிக் காத்திருக்க வைக்க வேண்டும். யார் மூச்சு வாங்குகிறாரோ அவரிடம் முதலில் போக வேண்டும். கத்துகிறவருக்குத் தெம்பு இருக்கிறது, அவர் கொஞ்சம் பொறுப்பார். கத்தி பலகையில் தாளம் தப்பாமல் விழுந்துகொண்டிருந்தது. தம்பி வாயைப் பிளந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மா, இந்தப் பக்கம் திரும்பி இதையே சொல்லு," என்றாள் மகள்.

அம்மா திரும்பினார். ஆறு கண்கள். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. பார்வை நழுவித் தரைக்குப் போனது.

மகளுக்கு அப்போதுதான் உறைத்தது. வீட்டில் அம்மா பேசியதெல்லாம் முதுகு காட்டித்தான். திட்டு, சிரிப்பு, கதை எல்லாமே அடுப்படியிலிருந்தோ துணி மடிக்கிற மூலையிலிருந்தோ வரும். வேலை இருக்கிறது, அதனால் திரும்பவில்லை என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

"பதில்ல பழுதில்ல," என்றாள் மகள். "கண்ணுலதான் லூஸ் கனெக்‌ஷன்."

"உங்கம்மாவையும் மெஷினாக்கிட்டியா?" என்றார் அப்பா. பிறகு அவரே ஒரு வழி சொன்னார். "இங்க பாரு, நான் அளவெடுக்கிறப்போ எவன் மூஞ்சியையும் பாக்கமாட்டேன். கழுத்துப் பட்டனைப் பாப்பேன். அவன் நம்மளத்தான் பாக்குறான்னு நெனச்சுக்குவான்."

அம்மா மறுநாள் மளிகைக் கடையில் அதைச் சோதித்துப் பார்த்தார். கடைக்காரர் நெளிந்தார். குனிந்து சட்டையைத் தடவிப் பார்த்தார். "என்னக்கா, பட்டன் மாத்திப் போட்டிருக்கேனா?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே எரிச்சலும். "பட்டன்கிட்ட பேசி என்ன ஆகப் போவுது? மனுஷன்கிட்ட பேசணும்," என்று வீட்டுக்கு வந்து சொன்னார்.

அன்றிலிருந்து பார்க்கத் தொடங்கினார். பால் போடுகிறவர், மீட்டர் பார்க்க வந்தவர், மருந்துக் கடைப் பெண் என்று ஒருவரையும் விடவில்லை. பேசுகிற நேரம் முழுவதும் கண்ணைப் பார்ப்பது, நழுவினால் திரும்பக் கொண்டுவருவது. முதலில் அளவு தெரியவில்லை. பஸ்ஸில் ஒருவரிடம் நிறுத்தம் எங்கே என்று கேட்டதற்கு, அவர் பயந்துபோய் எழுந்து இடம் கொடுத்துவிட்டார். சாப்பிடும்போது அப்பாவையும் அப்படித்தான் பார்த்தார்.

"ஏன்டி இப்படிப் பாக்குற? நான் என்ன தப்பு பண்ணேன்னு எனக்கே யோசனை வருது."

"பேசாம சாப்பிடுங்க. பழகிட்டிருக்கேன்."

"இத்தனை வருஷம் கழிச்சு இப்பதான் பாக்கவே பழகுறியா? சரி, ஆள் எப்படி, தேறுவேனா?"

"சுமார்தான்," என்றார் அம்மா, கண்ணை எடுக்காமல்.

வார முடிவில் தெரிந்தவர்களிடம் வந்துவிட்டது. புதியவர்களிடம் பாதிதான் வந்தது. இன்டர்வியூவுக்கு முந்தின நாள் சேலையை இஸ்திரி போட்டுக்கொண்டே அம்மா சொன்னார். "நாளைக்கு என் குறையை மொதல்லயே நானே சொல்லிடப் போறேன்."

அப்பா பதறினார். "கடைக்கு வர்றவன்கிட்ட இந்தத் துணி சாயம் போகும்னு நானே சொல்வேனா?"

"சொல்லாம குடுத்தா துவைச்சதும் திரும்பி வந்து கத்துவான்ல? நான் போற இடத்துல அப்படி ஒருத்தர் கத்தக்கூடாது."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அப்பாவை நேராகப் பார்த்தார். அப்பா சேலையின் மறு முனையைப் பிடித்துக்கொடுத்தார்.

அந்த அறையில் மூன்று பேர். நடுவில் ஒரு டாக்டரம்மா, ஒரு பக்கம் ஆபீஸ் மேனேஜர், மறுபக்கம் ஹெட்செட்டைக் கழுத்தில் மாட்டியபடியே வந்துவிட்ட ஷிப்ட் கண்ட்ரோலர். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்கள்.  பார்வை வழக்கம்போல மேஜைக்குப் போனது. அம்மா அதைப் பிடித்து இழுத்து டாக்டரம்மாவிடம் கொண்டுபோய் நிறுத்தினார்.

"மேடம், எனக்கு ஒரு குறை இருக்கு. முகத்தைப் பாத்துப் பேச வராது. ரெண்டு இடத்துல இதனாலதான் வேலை கிடைக்கல. ஒரு வாரமா பழகுறேன், இன்னும் முழுசா வரல. நடுவுல நின்னுட்டேன்னா கொஞ்சம் பொறுத்துக்கோங்க. திரும்ப ஆரம்பிச்சுடுவேன்."

மேனேஜர் பேனாவைக் கீழே வைத்தார். "இங்க டிரைவருங்க, நர்ஸுங்க எல்லார்கிட்டயும் நேர்ல பேச வேண்டியிருக்குமே?"

"அதுக்குத்தான் சார் பழகுறேன். போன்ல பேச எனக்குப் பழகத் தேவையில்ல."

கண்ட்ரோலர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "சரி, இப்ப நான் கூப்பிடுறேன்." கையைக் காதில் வைத்து நாடகக்காரர் மாதிரி அலறினார். "ஐயோ, எங்கப்பா விழுந்துட்டாரு, சீக்கிரம் வாங்க!"

"வண்டி அனுப்புறேன் சார், போனை வைக்காதீங்க. மூச்சு இருக்கா? நெஞ்சு ஏறி இறங்குதான்னு பாருங்க."

"இருக்கு, இருக்கு!"

"நல்லது. எந்த இடம்?"

"தெரியலையே! கை காலெல்லாம் ஆடுது!"

"ஆடட்டும். ஆடிக்கிட்டே வாசலுக்கு வாங்க. வந்தாச்சா? எதிர்ல என்ன இருக்கு?"

"பேட்டரி கடை."

"பக்கத்துல?"

"ஸ்கூல் சுவரு. நீலக் கேட்டு."

"அப்பாகூட உள்ள யாரு?"

"அம்மா."

"அவங்ககிட்ட போனைக் குடுங்க. நீங்க அந்த நீலக் கேட்டு முன்னாடி நில்லுங்க. வண்டியை நீங்கதான் கை காட்டி நிறுத்தணும்."

கண்ட்ரோலர் காதிலிருந்து கையை எடுக்கவில்லை. அந்த பேட்டரி கடை நிஜம், நீலக் கேட்டும் நிஜம். "அந்தம்மா கேட்ட கேள்வியில நான் எங்க வீட்டு வாசலுக்கே போயிட்டேன்," என்று வெகு காலம் கழித்து அவர் மகளிடம் சொன்னார். பேசும்போது அவர் முகத்தைப் பார்த்தாயா என்று அன்று இரவே மகள் அம்மாவிடம் கேட்டிருந்தாள். அம்மாவுக்கு நினைவில்லை.

"சரிம்மா, தகவல் சொல்றோம்," என்றார் மேனேஜர்.

அம்மா எழுந்திருக்கவில்லை. "சார், இதையே ரெண்டு இடத்துல கேட்டுட்டேன். இல்லைன்னா இன்னைக்கே இல்லைன்னு சொல்லிடுங்க. நான் அடுத்த இடம் பாக்கணும்." மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். அவசரப்படவில்லை.

"வெளிய உக்காருங்க," என்றார் டாக்டரம்மா.

பெஞ்சில் இளம் பெண்கள் சிலர் இருந்தார்கள். ஒருத்தி கிசுகிசுத்தாள். "உள்ள ரொம்பக் கஷ்டமாக்கா?"

"கஷ்டமெல்லாம் இல்லம்மா. மேஜையை மட்டும் பாக்காத."

எல்லோரும் போய் வந்தார்கள். ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். அம்மா உட்கார்ந்தே இருந்தார். கடைசியில் கண்ட்ரோலர் வெளியே வந்தார், கையில் இன்னொரு ஹெட்செட்டோடு. "ஆர்டர் திங்கக்கிழமை வரும். இன்னைக்கு எனக்கு ஒரு ஆள் வரல. பக்கத்துல உக்காந்து கேக்குறீங்களாம்மா?"

அம்மா தையல் கடைக்குப் போன் செய்தார்.

"என்ன ஆச்சு?" என்றார் அப்பா. பின்னால் மெஷின் ஓடும் சத்தம்.

"நீங்களும் பிள்ளையும் சாப்பிட்டுடுங்க. எனக்கு லேட்டாகும்."

"ஏன், இன்டர்வியூ இன்னும் முடியலையா?"

"முடிஞ்சுது. போனை வைங்க, இங்க லைன் அடிக்குது."