வள்ளைக்கீரையில் இலையும் தண்டும்

என் வீட்டுக்காரர் சிறுசேரிக்கு ஊழியர்களை ஏற்றிச் செல்லும் வேன் ஓட்டுகிறவர். சிறுநீரகம் பழுதாகிவருகிறது என்று தெரிந்ததும் வாழைப்பழம், இளநீர், தக்காளி என்று ஒவ்வொன்றாக நிறுத்தச் சொன்னார்கள் ஆஸ்பத்திரியில். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறக் கூடாதாம். எல்லாவற்றையும் விட்டார். வள்ளைக்கீரையும் கூடாது என்றபோதுதான் சாப்பிடாமல் எழுந்து போனார். பூண்டு தட்டிப் போட்ட அந்தப் பொரியல் இல்லாமல் அவருக்கு ஞாயிற்றுக்கிழமையே கிடையாது.

நான் காட்டாங்குளத்தூர் பக்கம் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். அந்தச் சமயம் இரண்டு மாணவிகள் புராஜெக்டுக்குப் பொருள் தேடிக்கொண்டிருந்தார்கள். வள்ளைக்கீரையின் இலை, தண்டு, வேர் மூன்றிலும் என்னென்ன தாது இருக்கிறது என்று தனித்தனியாகப் பார்க்கலாமா என்று துறைத்தலைவி மேடத்திடம் கேட்டேன். காரணத்தையும் சொன்னேன். சம்மதித்தார்.

கடையில் விற்கும் கட்டில் வேர் இருக்காது. மொட்டைமாடியில் ஒரு டப்பில் சேறு நிரப்பித் தண்டுகளை ஊன்றினேன். கணுவுக்குக் கணு வேர்விட்டுப் படர்ந்தது. பறித்து, கழுவி, பிரித்து, காயவைத்துப் பொடித்து, ஆய்வக உலையில் சாம்பலாக்கினோம். சாம்பலை அமிலத்தில் கரைத்துக் தாதுக்களை அளக்கும் கருவியில் வைத்தோம்.

வேரில் இரும்பு மிகுதி. அதில் கொஞ்சம் சேற்றிலிருந்து ஒட்டியதாகவும் இருக்கலாம் என்றார் மேடம். கால்சியம் இலையில் கூடுதல். பொட்டாசியம் தண்டில்தான் குவிந்திருந்தது. இலையில் குறைவு, ஆனாலும் இருந்தது. அப்போது மாணவிகளில் ஒருத்தி, வேகவைத்து வடித்த இலையையும் பார்க்கலாமா அக்கா என்று கேட்டாள். பார்த்தோம். பொட்டாசியம் நன்றாகவே இறங்கியிருந்தது.

முடிவுகளை ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகரிடம் காட்டினேன். அவர் நிதானமாகப் படித்தார்.

"இலை மட்டும்தான். நிறைய தண்ணில வேகவச்சு, அந்தத் தண்ணிய கொட்டிடுங்க. வாரத்துல ஒரு நாள், ஒரு சின்னக் கரண்டி. அடுத்த டெஸ்ட்ல ஏறலன்னா தொடரலாம்."

அந்த ஞாயிறு வீட்டுக்காரர் மெதுவாகச் சாப்பிட்டார்.

"தண்டு இல்லாம கடிக்க ஒண்ணும் இல்ல," என்றார். "ஆனா வாசனை அப்படியே கீது."

அடுத்த பரிசோதனையில் பொட்டாசியம் ஏறவில்லை. திரும்பும்போது மின்சார ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர், தாம்பரம் வருவதற்குச் சற்று முன்னால் வாயைத் திறந்தார்.

"லைசென்ஸ் முடியப்போவுது. நாளைக்குப் போயி புதுப்பிச்சுட்டு வந்துடறேன்."

நோய் வந்த பிறகு நாளையைப் பற்றி அவர் பேசிக் கேட்டது அன்றுதான்.